வெல்ஃப் குலம்: வம்சாவளியும் திருமண உறவுகளும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இடைக்கால ஜெர்மனியின் வரலாற்றைப் படிக்கத் தொடங்கும் எவரையும் முதலில் திணறடிப்பவை பெயர்கள்தாம். ஒரே குடும்பத்தில் ஆறேழு வெல்ஃப்கள், அதற்குக் குறையாத ஹைன்ரிஷ்கள், மூன்று யூடித்கள், இரண்டு கெர்ட்ரூடுகள் வருகிறார்கள். ஆண் வாரிசுகளின் பட்டியலை மட்டும் வைத்துக்கொண்டு இக்குலத்தைப் புரிந்துகொள்ள முயன்றால் பாதி வழியில் நூல் அறுந்துவிடும். எந்தப் பெண் எந்த வீட்டிலிருந்து வந்தார், என்ன சொத்தோடு வந்தார் என்பதைப் பிடித்துக்கொண்டு போனால்தான் கதை தொடர்கிறது. அந்த வழியிலேயே இங்குள்ள பதில்கள் எழுதப்பட்டுள்ளன.

வெல்ஃப் குலத்தார் யார்?

தெற்கு ஜெர்மனியில் போடன் ஏரிக்கு வடக்கே உள்ள ஆல்ட்டோர்ஃப், ராவென்ஸ்புர்க் பகுதிகளில் வேரூன்றி, பிற்பாடு பவேரியாவையும் சாக்சனியையும் ஆண்டு, 1209-இல் ஒரு புனித உரோமைப் பேரரசரையும் தந்த பிரபுக் குடும்பத்தார் இவர்கள். ‘வெல்ஃப்’ என்ற சொல்லுக்குப் பழைய ஜெர்மன் மொழியில் விலங்கின் குட்டி என்று பொருள். இவர்களுடைய பெரும் போட்டியாளர்கள் சுவாபியாவின் ஸ்டாஃபர் குலத்தார். இந்த இரு குலங்களின் பகை இத்தாலி வரை சென்று, அங்கே நகரங்களைப் பிளந்த குவெல்ஃபி, கிபெல்லினி என்ற இரு கட்சிகளுக்குப் பெயராயிற்று. முதற்பெயர் வெல்ஃப் என்பதன் இத்தாலிய வடிவம். இரண்டாவது, ஸ்டாஃபர்களின் கோட்டையான வைப்ளிங்கன் என்பதிலிருந்து திரிந்தது.

இக்குலம் முதலில் எப்படி வெளிச்சத்துக்கு வந்தது?

இரண்டு மகள்களின் திருமணத்தால் வந்தது. வெல்ஃப் என்ற பிரபுவின் மகள் யூடித்தை, மனைவியை இழந்திருந்த பேரரசர் பக்திமான் லுட்விக் 819-இல் மணந்துகொண்டார். யூடித்தின் தங்கை ஹெம்மாவை, அதே பேரரசருக்கு முதல் தாரத்தில் பிறந்த மகன் லுட்விக் 827-இல் மணந்தார். அக்காவே தங்கைக்கு மாமியார் நிலையில் வந்துவிட்டார். யூடித்துக்குப் பிறந்த சார்லஸ் மேற்குப் பிராங்கிய நாட்டின் அரசராகி, தன் மாற்றாந்தாய் மக்களான அண்ணன்மாரோடு பாகப் பிரிவினைக்காகப் போரிட்டதும், இறுதியில் 843-இல் வெர்டன் உடன்படிக்கையால் பேரரசு மூன்றாகப் பிரிந்ததும் ஐரோப்பிய வரலாற்றின் பெரும் திருப்பங்கள். அந்தப் பங்காளிச் சண்டையின் நடுவில் ஒரு வெல்ஃப் பெண் இருந்தார்.

1055-இல் ஆண்வழி அற்றுப்போன பிறகும் இக்குலம் எப்படித் தொடர்ந்தது?

இக்குலத்தைப் பற்றிய கேள்விகளில் இதைத்தான் நான் மிக முக்கியமானதாகக் கருதுகிறேன். கரிந்தியாவின் கோமகனாக இருந்த மூன்றாம் வெல்ஃப் 1055-இல் பிள்ளையில்லாமல் இறந்தபோது, குடும்பச் சொத்து முழுவதையும் ஆல்ட்டோர்ஃபில் இருந்த மடத்துக்கு எழுதிவைத்திருந்தார். அந்த ஏற்பாட்டை அவருடைய தாய் இமிசா ஏற்கவில்லை. லுக்சம்புர்க் குடும்பத்தில் பிறந்த இமிசா, பேரரசி குனிகுண்டேயின் உடன்பிறந்தாருடைய மகள். சொத்தும் பதவியும் எப்படிக் கைமாறும் என்பதை நன்கு அறிந்தவர். தன் மகள் குனிசாவை இத்தாலியில் எஸ்தே குடும்பத்தைச் சேர்ந்த அட்ஸோவுக்குக் கட்டிக்கொடுத்திருந்தார். அந்த மகள் வயிற்றுப் பேரனை இத்தாலியிலிருந்து வரவழைத்து, மகன் எழுதிவைத்த தானத்தை நிறைவேறவிடாமல் செய்து, சொத்துக்கு உரியவனாக நிறுத்தினார். அவர்தான் நான்காம் வெல்ஃப்.

இதன் விளைவாக, 1055-க்குப் பின் வரும் வெல்ஃப்கள் தந்தைவழியில் இத்தாலிய எஸ்தே குடும்பத்தார். வெல்ஃப் என்ற பெயரும் நிலமும் அவர்களுக்குத் தாய்வழியில் வந்தவை. வரலாற்றாசிரியர்கள் முந்தையவர்களை மூத்த வெல்ஃப்கள் என்றும் பிந்தையவர்களை இளைய வெல்ஃப்கள் என்றும் பிரிப்பது இதனால்தான். அட்ஸோவின் இரண்டாம் தாரத்து மகன் ஃபுல்கோவின் வழியில் ஃபெராரா, மொடேனா நகரங்களை ஆண்ட எஸ்தே குலம் வந்தது. இந்த உறவைச் சான்றுகளோடு உறுதிசெய்தவர் மெய்யியலாளரும் கணிதவியலாளருமான லைப்னிட்ஸ் ஆவார். ஹனோவர் அரசவையின் வரலாற்றாசிரியராக நியமிக்கப்பட்டிருந்த அவர், 1690-இல் மொடேனாவின் ஆவணங்களையும், வங்காதீட்சா மடத்திலிருந்த கல்லறைகளையும் நேரில் ஆராய்ந்து இதை நிறுவினார்.

நான்காம் வெல்ஃப் தன் மனைவியை ஏன் விலக்கிவைத்தார்?

மாமனாரின் பதவி போனதால்தான். பவேரியாவின் கோமகனான நோர்ட்ஹைம் ஓட்டோவின் மகள் எத்தெலிண்டேயை அவர் மணந்திருந்தார். 1070-இல் அரசர் நான்காம் ஹைன்ரிஷைக் கொல்லச் சதி செய்ததாக ஓட்டோ மீது குற்றம் சுமத்தப்பட்டு, பதவி பறிக்கப்பட்டது. வெல்ஃப் உடனே மனைவியைத் தந்தை வீட்டுக்கு அனுப்பிவிட்டு, மாமனார் இழந்த அதே பவேரியக் கோமகன் பதவியைத் தனக்கு வாங்கிக்கொண்டார். அக்காலத்தவரே இதைக் கண்டித்து எழுதினார்கள். எத்தெலிண்டே செய்த குற்றம் எதுவும் இல்லை.

பின்னர் அவர் மணந்த யூடித், ஃபிளாண்டர்ஸ் பிரபுவின் மகள். 1066 செப்டம்பர் 25 அன்று இங்கிலாந்தில் ஸ்டாம்ஃபோர்டு பிரிட்ஜ் போரில் இறந்த டோஸ்டிக்கின் விதவை. டோஸ்டிக் அந்த ஆண்டின் போர்களில் தோற்ற தரப்பு. அதே ஆண்டில் இங்கிலாந்தை வென்ற வில்லியமின் மனைவிக்கோ யூடித் அத்தை முறை. அத்தகைய பெண் ஜெர்மனிக்கு வந்தபோது வெறுங்கையோடு வரவில்லை. ஆங்கிலோ-சாக்சன் ஓவியர்கள் எழுதி அலங்கரித்த நற்செய்தி ஏடுகளையும், இயேசுவின் இரத்தம் என்று போற்றப்பட்ட புனிதப் பொருளையும் கொண்டுவந்து, வெல்ஃப்களின் குடும்ப மடமான வைன்கார்ட்டனுக்கு அளித்தார். இயேசுவின் விண்ணேற்ற நாளுக்கு மறுநாளான வெள்ளிக்கிழமை, அந்தப் புனிதப் பொருளை ஏந்தி ஆயிரக்கணக்கானோர் குதிரைமீது வயல்வெளிகளைச் சுற்றிவரும் பவனி வைன்கார்ட்டனில் இன்றும் நடக்கிறது.

நாற்பது வயதைக் கடந்த டஸ்கனியின் மட்டில்டாவுக்குப் பதின்வயது வெல்ஃபை மணமுடித்தது உண்மையா?

உண்மைதான். 1089-இல் நடந்த இத்திருமணத்தில் மட்டில்டாவுக்கு வயது 43 அளவில். ஐந்தாம் வெல்ஃபுக்கு 17 அளவில். பேரரசர் நான்காம் ஹைன்ரிஷுக்கு எதிராக வட இத்தாலியையும் தென் ஜெர்மனியையும் ஒரே அணியில் சேர்க்கத் திருத்தந்தை இரண்டாம் அர்பன் தரப்பு வகுத்த ஏற்பாடு அது. மட்டில்டாவின் பெருஞ்சொத்து தங்களுக்கு வராது என்பது தெளிவானதும் 1095-இல் இருவரும் பிரிந்தார்கள். மறு ஆண்டே வெல்ஃப்கள் பேரரசரோடு சமாதானம் செய்து பவேரியாவைத் திரும்பப் பெற்றார்கள். குழந்தை இல்லை.

தெற்கத்திய குடும்பம் வடக்கே சாக்சனியில் எப்படிக் காலூன்றியது?

இரண்டு தலைமுறைகளில், இரண்டு திருமணங்களால். சாக்சனியின் கோமகன் மாக்னுஸ் பில்லுங் 1106-இல் ஆண் வாரிசின்றி இறந்தார்; அவருக்கு இரண்டு மகள்கள். மூத்தவர் வுல்ஃப்ஹில்டே, ஐந்தாம் வெல்ஃபின் தம்பியான கறுப்பர் ஹைன்ரிஷை மணந்திருந்தார். லூனெபுர்க் பகுதி அவர் வழியாக வெல்ஃப்களுக்கு வந்தது. இளையவர் எய்லிகா, அஸ்கானிய குடும்பத்து ஓட்டோவை மணந்திருந்தார். அவர் மகன்தான் பிராண்டென்புர்க்கை உருவாக்கிய கரடி ஆல்பிரெஷ்ட். அக்கா தங்கை பிள்ளைகளின் வழியினர் சாக்சனிக்காக அடுத்த 100 ஆண்டுகள் மோதிக்கொண்டார்கள்.

அடுத்த தலைமுறையில் கறுப்பர் ஹைன்ரிஷின் மகன் செருக்கர் ஹைன்ரிஷ், அரசர் லோத்தாரின் ஒரே மகள் கெர்ட்ரூடை 1127-இல் ஆக்ஸ்புர்க் அருகே லெஹ் ஆற்றங்கரையில் உள்ள குன்சென்லெஹ் மேட்டில் மணந்தார். மணப்பெண்ணுக்கு வயது 12. கெர்ட்ரூடின் தாய் ரிஷென்சா, நோர்ட்ஹைம் குடும்பத்துக்கும் பிரவுன்ஷ்வைக்கின் புருனோனிய குடும்பத்துக்கும் வாரிசு. 1070-இல் தள்ளிவைக்கப்பட்ட எத்தெலிண்டேயின் உடன்பிறந்தானுடைய மகள்தான் இந்த ரிஷென்சா. எத்தெலிண்டேயோடு கைவிட்டுப்போன நோர்ட்ஹைம் தொடர்பு, 57 ஆண்டுகள் கழித்து, அவரை விலக்கிய கணவரின் பேரனுக்கே திரும்பி வந்து சேர்ந்தது.

ஸ்டாஃபர்களுக்கும் வெல்ஃப்களுக்கும் இரத்த உறவு உண்டா?

நெருங்கிய உறவு உண்டு. கறுப்பர் ஹைன்ரிஷின் மகள் யூடித், சுவாபியாவின் ஸ்டாஃபர் கோமகன் ஃபிரீட்ரிஷை மணந்தார். அவர்களுடைய மகன்தான் செந்தாடி என்று பொருள்படும் பார்பரோஸா என்ற பெயரால் புகழ்பெற்ற பேரரசர். ஆகவே செருக்கர் ஹைன்ரிஷ் பார்பரோஸாவுக்குத் தாய்மாமன். தாய்மாமன் மகன்தான் சிங்கம் என்று அழைக்கப்பட்ட ஹைன்ரிஷ். ஆங்கில நூல்களில் இருவருக்கும் ஒரே பொதுச்சொல்லைப் போட்டுவிடுவதால் மறைந்துபோகும் இந்த உறவு, தமிழில் சொன்னால் தெளிவாகிவிடுகிறது: பேரரசர் சிங்கத்துக்கு அத்தை மகன். 1152-இல் பார்பரோஸாவை அரசராகத் தேர்ந்தெடுத்தபோது, இரு குலத்து இரத்தமும் உடையவர் என்பதால் பகையைத் தீர்ப்பார் என்று பிரபுக்கள் நம்பியதாக அக்கால வரலாற்றாசிரியரான ஃபிரைசிங் ஓட்டோ எழுதியிருக்கிறார்.

தீர்க்கவும் முயன்றார். 1137-இல் லோத்தார் இறந்தபின், மருமகனான செருக்கர் ஹைன்ரிஷுக்கு அரச பதவி கிடைக்காமல் ஸ்டாஃபரான கொன்ராட் அரசராகி, அவரிடமிருந்து பவேரியா, சாக்சனி ஆகிய இரு கோமகன் பதவிகளையும் பறித்தார்; 1139-இல் ஹைன்ரிஷ் இறந்துபோனார். அவருடைய விதவை கெர்ட்ரூட், ஆஸ்திரியாவின் பாபென்பெர்க் ஹைன்ரிஷை மறுமணம் செய்து 1143-இல் பிரசவத்தில் இறந்தார். அந்த இரண்டாம் கணவரிடமே பவேரியா ஒப்படைக்கப்பட்டது. 1156-இல் பார்பரோஸா பவேரியாவைச் சிங்கம் ஹைன்ரிஷிடம் திருப்பித் தந்து, ஈடாக ஆஸ்திரியாவைத் தனிக் கோமகநாடாக உயர்த்தினார். அந்தப் பட்டயத்தில் மகள்களும் வாரிசாகலாம் என்று எழுதப்பட்டிருப்பது கவனிக்கத்தக்கது.

வைன்ஸ்பெர்க் பெண்களின் கதை இக்குலத்தோடு தொடர்புடையதா?

ஆம். செருக்கர் ஹைன்ரிஷின் தம்பி ஆறாம் வெல்ஃப், கால்வ் குடும்பத்து உட்டாவை மணந்து அவ்வழியில் வைன்ஸ்பெர்க் கோட்டையின்மீது உரிமை கொண்டிருந்தார். 1140 டிசம்பரில் அரசர் கொன்ராட் அதை முற்றுகையிட்டு வென்றார். பெண்கள் தங்கள் தோளில் சுமக்க முடிந்ததை எடுத்துக்கொண்டு வெளியேறலாம் என்று அரசர் அனுமதித்தார் என்றும், அவர்கள் பொருள்களை விட்டுவிட்டுத் தங்கள் கணவர்களை முதுகில் சுமந்தபடி மலையிறங்கினார்கள் என்றும் கொலோன் நகர ஏடொன்று கூறுகிறது. அரசரின் அண்ணன் இதை ஏற்க மறுத்தபோது, அரசன் சொன்ன சொல்லை மாற்றுவது தகாது என்று கொன்ராட் சொன்னாராம். இடிந்து கிடக்கும் அந்தக் கோட்டைக்குப் ‘பெண்களின் விசுவாசம்’ என்ற பொருளில் வைபர்ட்ரொய் என்றே இன்று பெயர்.

சிங்கம் ஹைன்ரிஷின் முதல் திருமணம் ஏன் முறிந்தது?

1148-இல் அவர் மணந்த க்ளெமென்சியா, தென்மேற்கின் செல்வாக்கு மிக்க த்ஸேரிங்கன் குடும்பத்துப் பெண். கணவர் போரிலும் பயணத்திலும் இருந்தபோது வடக்கே ஆட்சிப் பொறுப்பைக் கவனித்தவர். 1162-இல் கான்ஸ்டன்ஸ் நகரில் இத்திருமணம் செல்லாது என்று அறிவிக்கப்பட்டது. சொல்லப்பட்ட காரணம் இரத்த உறவு. அக்காலத் திருச்சபைச் சட்டம் ஏழு தலைமுறைக்குள் உறவுடையோர் மணக்கக் கூடாது என்றது. 1215-இல்தான் அது நான்கு தலைமுறையாகக் குறைக்கப்பட்டது. ஏழு தலைமுறை எண்ணினால் ஜெர்மானியப் பெருங்குடும்பங்களில் பெரும்பாலோர் ஒருவருக்கொருவர் உறவினர்களே. அதனால் சேர்ந்து வாழும்வரை யாரும் எண்ணமாட்டார்கள். பிரிய வேண்டும் என்றால் உடனே எண்ணத் தொடங்குவார்கள். ஆண் வாரிசு இல்லாததும், பார்பரோஸாவுக்கும் த்ஸேரிங்கன் குடும்பத்துக்கும் ஏற்பட்டிருந்த பகையும்தான் மெய்யான காரணங்கள். க்ளெமென்சியா பிற்பாடு சவோய் பிரபு மூன்றாம் உம்பெர்ட்டோவை மணந்தார்.

1168 பிப்ரவரி 1 அன்று மின்டன் பேராலயத்தில் ஹைன்ரிஷ், இங்கிலாந்து அரசர் இரண்டாம் ஹென்றியின் மகள் மட்டில்டாவைக் கைப்பிடித்தார். மணமகனுக்கு முப்பத்தைந்தைக் கடந்த வயது. மணமகளுக்கு 12 கூட நிறையவில்லை. ஆனால் பின்னாளில் இக்குலத்துக்குப் புகலிடமாக அமைந்தது இந்தச் சம்பந்தமே. 1180-இல் பார்பரோஸா சாக்சனியையும் பவேரியாவையும் பறித்து, பின்னர் நாடுகடத்தியபோது, ஹைன்ரிஷ் மனைவி மக்களோடு மாமனாரிடம்தான் போய்த் தங்கினார். கடைசி மகன் வில்லெம் 1184-இல் இங்கிலாந்தின் வின்செஸ்டரில் பிறந்தான்.

1180-இல் எல்லாம் போயிற்று என்றால், குடும்பம் எதை வைத்துப் பிழைத்தது?

பேரரசர் பறித்தவை அவரே வழங்கியிருந்த மானியப் பதவிகள். பிரவுன்ஷ்வைக், லூனெபுர்க் போன்றவை குடும்பத்தின் சொந்த நிலங்கள், அவை மிஞ்சின. அந்தச் சொந்த நிலங்கள் எங்கிருந்து வந்தவை என்று மேலே பார்த்தோம்: லூனெபுர்க் பாட்டி வுல்ஃப்ஹில்டே வழியாகவும், பிரவுன்ஷ்வைக் ரிஷென்சா, கெர்ட்ரூட் வழியாகவும் வந்தவை. ஆண்கள் அரசரிடம் வாங்கியவை போய்விட்டன. பெண்கள் பிறந்த வீட்டிலிருந்து கொண்டுவந்தவை நின்றன.

தெற்கில் இருந்த பழைய வெல்ஃப் நிலங்களின் கதை வேறு. ஆறாம் வெல்ஃபின் ஒரே மகன் 1167-இல் இத்தாலியில் பரவிய கொள்ளைநோயில் இறந்தார். வாரிசற்ற அவர், அண்ணன் மகனான சிங்கம் ஹைன்ரிஷ் பேசிய பணத்தைத் தராததால், அக்காள் மகனான பார்பரோஸாவுக்குச் சொத்தை விற்றுவிட்டார்.

ஸ்டாலெக் கோட்டையில் நடந்த இரகசியத் திருமணம் எது?

சிங்கத்தின் மூத்த மகன் ஹைன்ரிஷுக்கும், பார்பரோஸாவின் தம்பி முறையான ரைன் பாலட்டினேட் பிரபு கொன்ராடின் ஒரே மகள் ஆக்னெஸுக்கும் 1193–94 குளிர்காலத்தில் நடந்த திருமணம் அது. பேரரசர் ஆறாம் ஹைன்ரிஷ், தன் சிற்றப்பா மகளான ஆக்னெஸை, டென்மார்க் இளவரசி இங்கெபோர்கைத் தள்ளிவைத்திருந்த பிரான்ஸ் அரசர் இரண்டாம் பிலிப்புக்குக் கொடுக்க நினைத்திருந்தார். ஆக்னெஸின் தாய் இர்மென்கார்ட், கணவர் ஊரில் இல்லாத நேரம் பார்த்து, ரைன் ஆற்றங்கரையில் பாஹராஹ் ஊருக்கு மேலே உள்ள ஸ்டாலெக் கோட்டைக்கு மாப்பிள்ளையை வரவழைத்து, திருமணத்தை முடித்துவிட்டார். சீற்றம் கொண்ட பேரரசர் அதை முறிக்கச் சொன்னார். முறித்தால் மகளுக்கு அவமானம் என்று கொன்ராட் மறுத்தார். கடைசியில் பேரரசரே இறங்கிவந்தார். 1194-இல் தில்லெடாவில் அவருக்கும் முதிய சிங்கத்துக்கும் சமாதானம் ஏற்பட்டது. போர்க்களங்களில் முடியாததை ஒரு தாய் ஒரே நாளில் முடித்துவைத்தார் என்றே இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்குத் தோன்றுகிறது.

பேரரசர் நான்காம் ஓட்டோவுக்கு ஏன் வாரிசு இல்லை?

சிங்கத்தின் இன்னொரு மகனான ஓட்டோ 1209-இல் பேரரசரானார். கொலையுண்ட ஸ்டாஃபர் குலத்துப் போட்டி அரசர் பிலிப்பின் மகள் பெயாட்ரிக்ஸை 1212 ஜூலையில் நோர்ட்ஹவுசனில் மணந்தார். மூன்று வாரத்துக்குள் அந்தப் பெண் இறந்துபோனார். அவருக்காகவே ஓட்டோவோடு நின்ற சுவாபிய வீரர்கள் படையைவிட்டு விலகிச் சென்றார்கள். 1214-இல் பிரபான்ட் மரியாவை மணந்த இரண்டே மாதத்தில் பூவின் (Bouvines) என்ற இடத்தில் நடந்த போரில் தோற்றார். 1218-இல் பிள்ளையின்றி ஹார்ட்ஸ்புர்க் கோட்டையில் மறைந்தார்.

பிறகு குலம் யார் வழியாகத் தழைத்தது?

வின்செஸ்டரில் பிறந்த வில்லெம் வழியாக. சிங்கத்தின் முதல் தாரத்து மகள் கெர்ட்ரூட் டென்மார்க் அரசர் ஆறாம் குனூட்டை மணந்திருந்தார். குனூட்டின் தங்கை ஹெலெனாவை வில்லெம் 1202-இல் மணந்தார். பெண் கொடுத்துப் பெண் எடுத்த இந்த உறவில் 1204-இல் பிறந்தவர், ‘பிள்ளை’ என்று அடைமொழி பெற்ற ஓட்டோ. 1227-இல் பெரியப்பா ஹைன்ரிஷும் மகனின்றி இறந்தபோது மிஞ்சிய ஒரே ஆண் வாரிசு இவர்தான். அதே ஆண்டில், தாய்மாமனான டென்மார்க் அரசர் இரண்டாம் வால்டெமாருக்காகப் போர்ன்ஹோவெட் களத்தில் போரிட்டுச் சிறைப்பட்டு மீண்டார்.

1235-இல் மைன்ட்ஸ் நகரில் பேரரசர் இரண்டாம் ஃபிரீட்ரிஷ், ஓட்டோவின் சொந்த நிலங்களைப் பிரவுன்ஷ்வைக்-லூனெபுர்க் என்ற கோமகநாடாக உயர்த்தி, அவரைக் கோமகனாக்கினார். ஸ்டாஃபர்–வெல்ஃப் பகை அத்தோடு முடிந்தது. ஓட்டோவின் மனைவி பிராண்டென்புர்க் மட்டில்டா, கரடி ஆல்பிரெஷ்டின் பேரனுக்கு மகள், அதாவது கொள்ளுப்பேத்தி. பில்லுங் சகோதரிகள் இருவரின் வழிகளும் இத்திருமணத்தில் மீண்டும் ஒன்றுசேர்ந்தன.

பிரித்தானிய அரச குடும்பத்துக்கும் வெல்ஃப்களுக்கும் என்ன தொடர்பு?

பிள்ளை ஓட்டோவின் வழிவந்த ஹனோவர் கிளையினர் 1714-இல் முதலாம் ஜார்ஜ் மூலம் பிரித்தானிய அரியணை ஏறினார்கள். அந்த உரிமையும் தாய்வழியில் வந்ததே: ஜார்ஜின் தாய் சோஃபியா, முதலாம் ஜேம்ஸ் மன்னரின் பேத்தி. தென்னிந்தியாவின் பழைய நாணயங்களிலும் சிலைகளிலும் நம்மவர்கள் பார்த்துப் பழகிய விக்டோரியா மகாராணி தந்தைவழியில் ஒரு வெல்ஃப். 1837-இல் அவர் அரியணை ஏறியபோது, ஆண் வாரிசு இருக்கையில் பெண் ஆள இயலாது என்ற விதியால் ஹனோவர் மட்டும் பிரிந்து அவருடைய சிற்றப்பாவிடம் சென்றது.

தங்கள் பரம்பரையை வெல்ஃப்களே எப்படிப் பார்த்தார்கள்?

இதற்கு நேரடிச் சான்று ஒரு படம். சிங்கம் ஹைன்ரிஷ் ஹெல்மார்ஸ்ஹவுசன் மடத்துத் துறவி ஹெரிமானைக் கொண்டு எழுதுவித்த நற்செய்தி ஏடு, 1983-இல் லண்டன் ஏலத்தில் 3.25 கோடி ஜெர்மன் மார்க்குக்கு வாங்கப்பட்டு, இப்போது வோல்ஃபென்பூட்டல் நூலகத்தின் பொறுப்பில் உள்ளது. அதில் ஒரு பக்கத்தில் வானிலிருந்து நீளும் கைகள் ஹைன்ரிஷுக்கும் மட்டில்டாவுக்கும் முடி சூட்டுகின்றன. ஹைன்ரிஷின் பின்னால் அவர் தந்தை, தாய் கெர்ட்ரூட், தாயின் பெற்றோரான பேரரசர் லோத்தாரும் பேரரசி ரிஷென்சாவும் நிற்கிறார்கள். தந்தைவழித் தாத்தாவான கறுப்பர் ஹைன்ரிஷுக்கு அங்கே இடமில்லை. மட்டில்டாவின் பின்னால் அவருடைய தந்தை இங்கிலாந்து அரசர் ஹென்றியும், தந்தையின் தாயான மட்டில்டாவும் நிற்கிறார்கள். ஒவ்வொருவரின் பெயரும் அருகே எழுதப்பட்டிருக்கிறது. மட்டில்டாவின் பக்கத்தில், எல்லாருக்கும் பின்னால் நிற்கும் ஒருவருக்கு மட்டும் பெயர் எழுதப்படவில்லை.